14 அடி அலுமினியப் படகு: தளம் போட்டதும், பிரித்ததும், மீண்டும் போட்டதும்

பீவர் ஏரியின் தண்ணீர் ஏப்ரல் மாதத்தில் எவ்வளவு குளிரும் என்பதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டவர் என் நண்பர். அவர் படகின் முன்தளத்தில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். நான் பின்தளத்தில் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. காற்றில்லை, அலையில்லை, பக்கத்தில் வேறு படகும் இல்லை. படகு வலப்பக்கம் மெல்லச் சாய்ந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு இடப்பக்கம் வந்தது. இரண்டாவது சாய்வில் அவர் தண்ணீரில் கிடந்தார். உயிர்காப்பு அங்கி அணிந்திருந்ததால் தலை மூழ்கவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பற்கள் தந்தியடிக்க, "அண்ணா, இது படகா, ஊஞ்சலா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்டதுதான். ஆனால் எங்கள் படகைப் பற்றி யாரும் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. விடை கிடைக்க எனக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று.

நாங்கள் இருப்பது ஆர்கன்சாவின் வடமேற்கு மூலையில், பென்டன்வில்லில். வால்மார்ட்டின் தலைமையகம் உள்ள ஊர் என்பதால் கணினி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. வந்தவர்களில் பலர் முதல் ஆண்டு கிரிக்கெட் மட்டை வாங்குவார்கள். சிலர் மூன்றாவது ஆண்டில் தூண்டில் வாங்குவார்கள். நான் தூண்டிலில் நிற்காமல் படகுக்கும் போய்விட்டேன். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் கொட்டகையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் படகு அது. நீளம் 14 அடி, அடிப்பக்க அகலம் 36 அங்குலம், தட்டையான அடி, சதுரமான முன்பக்கம், குறுக்கே மூன்று இருக்கைகள். இந்த வகையை இங்கே ஜான் படகு என்பார்கள்.

ஜான் படகுக்கும் இந்த மலைநாட்டுக்கும் பழைய உறவு. ஓசார்க் மலைகளின் வெள்ளை ஆற்றிலும் அதன் கிளையாறுகளிலும் மரப்பலகையால் செய்த தட்டையடிப் படகில் மிதந்தபடியே மீன் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே வடிவம் அலுமினியத்துக்கு வந்தது. பிறகு ஆற்றின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்தன. அவற்றில் 1966-இல் முடிந்த பீவர் அணை தேக்கிய நீர்தான் எங்கள் ஏரி. அடுத்த ஆண்டே, 1967 ஜூனில், ரே ஸ்காட் என்பவர் தன்னுடைய முதல் பெரிய பாஸ் மீன் தூண்டில் போட்டியை இதே ஏரியில் நடத்தினார். 1968-இல் இதே ஆற்றோரம் பிளிப்பின் என்ற சிற்றூரில் பாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கினார். அகலமான மேடைத் தளம், அதில் நின்றபடியே வீசுவது, முன்னால் ஒரு சிறு மின் மோட்டார்: பாஸ் படகு என்றால் இப்படித்தான் என்று அந்தக் காலத்தில் நிலைபெற்றது. இன்று அப்படி ஒரு படகின் அகலம் 7, 8 அடி. நான் அந்த மேடையைக் கொண்டுபோய் 3 அடி அகலத்தின் மேல் வைத்தேன்.

வைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இப்படித்தான் வைக்கிறார்கள். நடு இருக்கையின் ரிவெட்டுகளை, அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளை, துளையிட்டுக் கழற்றி இருக்கையை எடுத்தேன். உள்ளே இருந்த வெள்ளை நுரைக்கட்டியைக் குப்பையில் போட்டேன். மழைக்குத் தாங்கும் என்று மருந்தேற்றிய கட்டைகளை வாங்கிச் சட்டம் அடித்தேன். அதன் மேல், அடியிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், முக்கால் அங்குல மருந்தேற்றிய பிளைவுட். அதன் மேல் பசை தடவிக் கம்பளம். கீழே இரண்டு பெட்டி அறைகள், ஒன்றில் இரண்டு ஈய பேட்டரிகள், இன்னொன்றில் 25 லிட்டர் பெட்ரோல் கேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

நண்பர் விழுந்த பிறகு அந்தக் கோடை முழுவதும் உட்கார்ந்தே மீன் பிடித்தோம். உட்கார்ந்தால் சாயவில்லை, ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் தலைகாட்டின. மோட்டாரை முடுக்கும்போது படகின் பக்கச்சுவர்கள் மூச்சு விடுவதுபோல உள்ளும் வெளியும் அசைந்தன. மாலையில் கரையேற்றி வடிகால் அடைப்பைத் திறந்தால் வாளிக் கணக்கில் தண்ணீர் வந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில் எல்லாவற்றையும் பிரித்தேன். படகை விற்ற முதியவர் வந்து பார்த்தார். அவர் இளவயதில் இந்த ஏரி ஆறாக இருந்ததைப் பார்த்தவர். கம்பளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், தண்ணீர் கசிந்து வந்தது. எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், குளியலறையில் எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கழற்றும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார் என்பது அதற்குப் பொருள்.

நிறுத்தேன். ஈரம் ஊறிய பலகை, சட்டம், கம்பளம் எல்லாம் சேர்த்து 104 கிலோ. வெறும் படகின் எடையே 75 கிலோதான். இரண்டு பேட்டரிகள் 54. பெட்ரோல் கேன் 22. பின்பலகையில் மாட்டும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் 34. முன்னால் மாட்டும் மின் மோட்டார் 10. நங்கூரம், கயிறு, தூண்டில் பெட்டி, அங்கிகள் 15. எங்கள் இருவரின் எடை 160. ஆக, படகின் எடை போக, 399 கிலோ.

பின்பலகையின் உட்புறம் சிறிய தகடு ஒன்று ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய, 20 அடிக்குக் குறைந்த சாதாரண மோட்டார் படகுகளில் கட்டாயம் இருக்க வேண்டிய கொள்ளளவுத் தகடு. அதை நான் முதல் நாளே படித்திருந்தேன், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போடலாம் என்பதற்காக மட்டும். அதே தகட்டில் ஆட்கள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்ந்து 620 பவுண்டு என்றும் இருந்தது. அதாவது 281 கிலோ. அகற்றிய இருக்கையின் எடை ஒரு 5 கிலோவைக் கழித்தாலும் நாங்கள் 113 கிலோ கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓராண்டு சுற்றியிருக்கிறோம். தகட்டில் சொன்ன எடையில் தளத்துக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை. நாம் அடிக்கும் ஒவ்வொரு பலகையும் கணக்கில் சாமான்தான்.

இப்போது ஊஞ்சலுக்கு வருகிறேன். மிதக்கும் எதுவும் சற்றுச் சாயும்போது ஒரு கற்பனைப் புள்ளியில் தொங்குவதுபோல நடந்துகொள்ளும். ஊஞ்சலுக்குக் கிளை எப்படியோ, படகுக்கு அந்தப் புள்ளி அப்படி. கிளை மேலேயும் எடை கீழேயும் இருந்தால் சாய்ந்தது திரும்பி வரும். எடை கிளைக்கு மேலே போய்விட்டால் அது ஊஞ்சல் இல்லை, நுனிவிரலில் நிறுத்திய துடைப்பம். தட்டையடிப் படகில் இந்தப் புள்ளியின் உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அகலம். அகலத்தின் கனம் (அகலம் × அகலம் × அகலம்), படகு இடம்பெயர்க்கும் நீரால் வகுக்கப்படுகிறது. ஆகவே அகலம் கூடினால் அந்தப் புள்ளி வேகமாக மேலே போகும், எடை ஏறினால் கீழே இறங்கும்.

படகை ஒரு பெட்டி என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். எங்கள் முதல் படகில் அந்தப் புள்ளி அடியிலிருந்து சுமார் 59 செ.மீ. உயரத்தில் இருந்தது. 40 செ.மீ. மேடையில் இருவரும் நின்றால் மொத்த எடையின் மையம் 64 செ.மீ.க்குப் போய்விடுகிறது. கிளைக்கு மேலே 5 செ.மீ. முதல் சாய்வில் படகு தயங்கி நின்றதே, அந்தத் தயக்கத்தின் அளவு இந்த 5 செ.மீ.தான். இதே நீளத்தில் 48 அங்குல அடி உள்ள படகாக இருந்திருந்தால் அகலத்தின் கனம் மட்டுமே 2.37 மடங்கு கூடியிருக்கும், நண்பரும் நனைந்திருக்க மாட்டார். அகலப் படகுக்குச் செய்ததைப் பார்த்துக் குறுகிய படகுக்குச் செய்கிறவர்கள் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுக்கலாம்.

சுவர் மூச்சு விட்டதற்குக் காரணம் நடு இருக்கை. அதை உட்காரும் பலகை என்று நினைத்தேன். உண்மையில் அது வீட்டின் உத்தரம் மாதிரி. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகட்டுச் சுவர்களை ஒன்றை ஒன்று விட்டுப் போகாமல் குறுக்கே பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அதை எடுத்த பிறகு ஒவ்வோர் அலையும் ரிவெட்டுகளை அசைத்தது. அசைந்த ரிவெட் கசிந்தது. நான் குப்பையில் போட்ட நுரைக்கட்டி இன்னும் மோசமான இழப்பு. இருக்கைகளுக்குள் நுரை வைப்பது படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்காமல் மட்டமாக மிதப்பதற்காக. நடு இருக்கையில் மட்டும் ஏறக்குறைய 95 லிட்டர் இருந்திருக்கும், கிட்டத்தட்ட 90 கிலோவைத் தாங்கும் மிதப்பு. இருந்த மூன்றில் ஒன்றை நானே எடுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் 104 கிலோ மரத்தை ஏற்றியிருக்கிறேன்.

மருந்தேற்றிய மரத்தின் சேட்டை கடைசியாகத்தான் தெரிந்தது. சட்டம் படிந்திருந்த இடங்களிலெல்லாம் அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் வழித்தால் கீழே கடுகு அளவில் குழிகள். மரத்தை அழுகாமல் காக்கும் இன்றைய மருந்துகளில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சந்தித்தால் தேய்வது அலுமினியம்தான். 2003-க்குப் பிறகு ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கியபோது அதன் இடத்துக்கு வந்தவற்றில் செம்பின் பங்கு இன்னும் அதிகம். மரம் வேண்டும் என்பவர்கள் மருந்தேற்றாத வெளிப்புறப் பிளைவுட்டை எபாக்சிப் பிசின் பூசி வைப்பது நல்லது. எனக்கு மரமே வேண்டாம் என்றாகிவிட்டது.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, படகுக்குள்ளே தண்ணீர் ஊற்றுவது. டிரெய்லரில் வைத்தபடி தோட்டக் குழாயால் ஒரு சாண் உயரம் நிரப்பலாம் என்று போனேன். முதியவர் கையமர்த்தினார். 10 செ.மீ. தண்ணீர் என்றாலே 350 கிலோ. 3 செ.மீ.யோடு நிறுத்தி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறித் தாழ்த்தினோம். அடியில் படுத்து, துளி தொங்கிய ஒவ்வொரு ரிவெட்டையும் சாக்குக்கட்டியால் வட்டமிட்டேன். 23 வட்டங்கள். பிறகு நண்பர் உள்ளே குந்தி, கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் வெளியிலிருந்து தலையில் சுத்தியலால் தட்டினேன். தளர்ந்த ரிவெட் ஓட்டைப் பானைபோல மந்தமாக ஒலிக்கும். நாலைந்து தட்டில் இறுகியதும் ஒலி திடீரென்று மணிபோல மாறும். அதற்கு மேல் ஒரு தட்டு தட்டினால் தகடு வீங்கும், ஆகவே கை நிற்க வேண்டிய இடத்தைக் காதுதான் சொல்லும். 19 ரிவெட்டுகள் அப்படியே அடங்கின. நான்கைத் துளையிட்டு எடுத்துப் புதிதாக அடித்தோம். ஆழமான குழிகள் ஒன்றாகச் சேர்ந்திருந்த ஓரிடத்தில் உள்ளங்கை அளவு தகட்டை அடைப்புப் பசையோடு ஒட்டுப் போட்டோம்.

மறுபடி கட்டும்போது வரைபடத்துக்கு முன் எடைக் கணக்கு எழுதினேன். 281-இல் ஆட்களுக்கு 160 போனால் மீதி 121. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

நடு இருக்கை திரும்பி வந்தது, ஆனால் இரண்டு பெட்டிகளாக. நடுவே 40 செ.மீ. நடைவழி விட்டு, இரு சுவர்களையும் ஒட்டி ஒவ்வொரு பெட்டி. அடியில் குறுக்கே ஒரு சட்டம் இரண்டையும் பிணைக்கிறது, பெட்டிகளே சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கின்றன. சட்டங்களெல்லாம் ஒன்றரை அங்குல 6061 அலுமினிய ஆங்கிள் (L வடிவச் சட்டம்), பலகைக்குப் பதில் 2 மி.மீ. 5052 தகடு. இந்த இரண்டு உலோகக் கலவை எண்களையும் கடையில் மாற்றிக் கேட்டுவிடக் கூடாது: 6061 வலுவானது, சட்டத்துக்கு ஏற்றது, 5052 விரிசல் விடாமல் மடியும், தகட்டுக்கு ஏற்றது. பற்றவைக்காமல் எல்லாவற்றையும் ரிவெட் அடித்தேன், பற்றவைத்தால் 6061 அந்த இடத்தில் வலுவிழக்கும் என்பதால். எஃகுத் திருகாணி போக வேண்டிய சில இடங்களில் இரண்டு உலோகமும் நேராகத் தொடாதபடி பசை தடவினேன்.

முன்தளம் 18 செ.மீ. உயரம் மட்டும். முன் இருக்கைக்கும் நடுப் பெட்டிகளுக்கும் இடையே, மேடை என்று சொல்ல முடியாத, ஒரு படிக்கட்டு உயரத்தில் ஒரு தளம். பின்தளம் இல்லவே இல்லை. பழைய பின் இருக்கை அப்படியே இருக்கிறது, அதில் இருப்பவர் உட்கார்ந்துதான் வீச வேண்டும். நண்பருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் இப்போது கணக்கில் ஊஞ்சலின் கிளை 77 செ.மீ.யில் இருக்கிறது, ஒருவர் நின்று ஒருவர் உட்கார்ந்தால் எடை மையம் 55. மறதியாக இருவரும் எழுந்துவிட்டால்கூட 64-ஐத் தாண்டவில்லை.

தளத்தின் ஓரங்களில் 2 செ.மீ. இடைவெளி விட்டேன், விழும் தண்ணீர் அடியில் ஓடிப் பின்னால் சேர. தகடுகள் திருகாணியில் நிற்கின்றன, பருவம் முடிந்ததும் கழற்றி உள்ளே பார்க்கலாம். கம்பளத்துக்குப் பதில் வழுக்காத வெளிர் சாம்பல் வண்ணம். ஆர்கன்சா ஜூலை வெயிலில் கருப்பு வண்ண அலுமினியத்தின் மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்கள் நிறத்தைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். தகடு சட்டத்தில் அதிர்ந்து மீனை விரட்டாமலிருக்க இடையில் ரப்பர் பட்டை.

நுரை 107 லிட்டர் போட்டோம், இழந்ததைவிடச் சற்று அதிகம். 65 லிட்டர் நடுப் பெட்டிகளில், 22 லிட்டர் விளிம்புக்குக் கீழே இரு சுவரோரமும் பலகையாக, மீதி தளத்தின் ஓரங்களில். நுரை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். தரைக்கு அடியில் அடைத்தால் நீர் நிறைந்த படகு நுரையை மேலே கொண்டுவரப் பார்க்கும், அதாவது கவிழும். பக்கவாட்டில், உயரத்தில் வைத்தால் மட்டமாக நிற்கும். நாங்கள் போட்டது பாலிஸ்டைரீன் பலகை. பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும் என்பதால் எரிபொருள் கேன் அந்தப் பக்கமே போவதில்லை.

கேனை 12 லிட்டராகக் குறைத்து, திறந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய தளத்துக்கு அடியில் தேங்கி நிற்கும். பக்கத்திலேயே பேட்டரி வைத்து ஓராண்டு ஓட்டியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அமெரிக்கப் படகு விதிகளிலும் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. 26 அடிக்குக் குறைந்த, முழுக்கத் திறந்த அவுட்போர்டு படகுக்குத் தீயணைப்பான் கட்டாயமில்லை. தீப்பற்றும் பொருள் வைக்கக்கூடிய மூடிய அறை வந்தால் கட்டாயம். தளம் போடுகிறவர் தெரியாமலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். நான் சின்ன தீயணைப்பான் ஒன்றை வாங்கி மாட்டினேன்.

இரண்டு ஈய பேட்டரிகளுக்குப் பதில் 12 கிலோ எடையில் ஒரே ஒரு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. மொத்தச் செலவில் பாதி அதற்கே. மரத்தை எடுத்ததற்கு அடுத்தபடியாக அதிக கிலோவைக் குறைத்தது அதுதான் என்பதால் வருத்தமில்லை. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கிறது. எதிர்மின் கம்பியைப் படகின் உடலில் இணைக்கவில்லை, இணைத்தால் கசியும் மின்சாரம் உடலையே அரிக்கும்.

ஏப்ரலில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு குடாவில், இடுப்பளவு தண்ணீரில், மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் அதே எடைக்கு இரும்புத் துண்டுகளைக் கட்டி, நீர் நிறைந்தாலும் மிதக்கிறதா என்று பார்க்க அடைப்பைப் பிடுங்கினோம். முதியவர் கரையில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முதலில் நடைவழியில் ஏறியது, பிறகு தளத்தின் மேல் படர்ந்தது, பின்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்தது. விளிம்பு ஏரிமட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. நண்பர் விளிம்பைப் பிடித்து உடம்பைக் கொடுத்துத் தொங்கினார். சாய்ந்தது, திரும்பியது.

"ஊஞ்சல்தான், அண்ணா," என்றார்.

இறுதிக் கணக்கு: தளமும் சட்டமும் 24, நுரை 3, மோட்டார் 34, எரிபொருள் 11, பேட்டரி 12, மின் மோட்டார் 10, சாமான் 15. மொத்தம் 109. எங்கள் இருவரையும் சேர்த்தால் 269. தகட்டுக்குள் 12 கிலோ மிச்சம்.

என் மகனின் எடை 26 கிலோ. மூன்று பேர் வரை ஏறலாம் என்று தகடு சொல்கிறது, ஆனால் அவன் ஏறினால் கிலோவில் 14 கூடிவிடுகிறது. ஆகவே அவன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் கரையிலிருந்து தூண்டில் போடுகிறார், முதியவரின் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில். எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் மாட்டுகிறது.